மாமனாருக்கு வைத்த சோறு

"நம்ம அமராவதி டேம்ல பார்த்தமே, அது முதலை. வாயை மூடினாலும் கீழ்ப்பல்லு வெளிய நிக்கும். இது ஆலிகேட்டர், கலா. வாயை மூடினா கீழ்ப்பல்லே தெரியாது. சாது."

கிட்டுசாமி எவ்வளவு சொல்லியும் கலாவதிக்கு நிம்மதி வரவில்லை. அமெரிக்காவில், சுகர் லேண்டில் அவர்கள் வாங்கிய வீட்டுக்குப் பின்னால் புல்தரை. அது முடிந்ததும் ஏரி. நடுவில் வேலி கிடையாது. ஒரு வாரமாக அந்த ஏரியில் ஒரு கறுப்பு முதுகு, கட்டை போல் அசையாமல் மிதந்துகொண்டிருந்தது. வீட்டிலோ நாலு வயசு மகள் பிரீத்தி.

"எந்தப் பல்லு தெரிஞ்சா என்னங்க, கடிச்சா ஒண்ணுதானே?"

"அதைத் தின்னே பார்த்தாச்சு. இனி என்ன பயம்?"

ஆபீஸ் நண்பர்கள் கூட்டிப்போன ஹோட்டலில் அதன் வாலைப் பொரித்துக் கொடுத்தார்களாம். கோழி மாதிரியே இருந்ததாம். அதைப் பிடிக்கிறவர்கள் தூண்டில் கொக்கியில் மாட்டுவதும் கோழியைத்தானாம்.

"மாமா போயி மூணு மாசம்கூட ஆகலை. கண்ட கறியெல்லாம் தின்னுட்டு வந்து சிரிக்கறீங்க."

அவன் சிரிப்பு அணைந்துவிட்டது. உடுமலைப்பேட்டையில் அப்பா கண்ணை மூடியபோது கிரீன் கார்டு வேலை பாதியில் இருந்ததால் அவனால் போக முடியவில்லை. கொள்ளி வைத்தது சித்தப்பா மகன்.

அன்று முதல் அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல், கலாவதி தினமும் காலையில் காக்காய்க்கு வைக்கும் சோறுதான். மொட்டைமாடி இல்லாத ஊர். புல்தரைக் கோடியில் பேப்பர் தட்டை வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவாள். ஆள் நின்றால் போனவர்கள் வர மாட்டார்கள் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பது பிரீத்தி மட்டும். "காக்கா தாத்தா ஃபுல்லா சாப்பிட்டார்" என்று ஓடி வந்து சொல்வாள். மாமனாருக்குப் பிடித்த கோழிக்குழம்பு வைக்கும் ஞாயிறுகளில் தட்டுகூட மிஞ்சாது.

"அப்பாவுக்கு எம்மேல கோபமில்ல, கலா" என்று கிட்டுசாமி கண் கலங்கியது அப்படியொரு ஞாயிறன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு வனவிலங்கு அதிகாரி வந்து ஏரியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஆலிகேட்டர் தானாக மனிதர்கள் பக்கம் வராது. யாராவது தீனி போட்டுப் பழக்கினால்தான் பயம் விட்டுப்போய்க் கரையேறும் என்றார். கலாவதிக்குச் சட்டென்று பக்கத்து வீட்டுக் கிழவர் மேல் சந்தேகம். அவர்தானே வாத்துகளுக்கு ரொட்டி வீசுகிறவர். கிட்டுசாமி போய்க் கேட்டுவிட்டு, முகம் வெளுத்துத் திரும்பினான்.

"ரொட்டி போடறதை எப்பவோ விட்டுட்டாராம். வாத்து எதுவும் இப்ப இல்லைங்கறார். எங்க போச்சுன்னு அவருக்கே தெரியலையாம். நீ பிரீத்தியை வெளிய விடாத."

ஞாயிற்றுக்கிழமை. குழம்பு கொதித்தது. சோற்றில் ஊற்றி, ஒரு கோழிக்காலும் எடுத்து வைத்தாள். அதற்குள் ஊரிலிருந்து மாமியார் போன். இரண்டு வார்த்தை பேசிவிட்டு ரிசீவரைக் கணவனிடம் கொடுத்துத் திரும்பினால், சமையல் மேடை மேல் தட்டைக் காணோம்.

கண்ணாடிக் கதவு ஒரு குழந்தை நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. புல்தரைக் கோடியிலிருந்து மழலைக் குரல் கேட்டது.

"கா... கா..."

கலாவதி செருப்பில்லாமல் ஓடினாள். கரையோர மரத்தில் ஒரு சிறகசைவும் இல்லை. தட்டைக் கையில் ஏந்தி நின்ற பிரீத்தியும் மரத்தைப் பார்க்கவில்லை. குனிந்து தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஓடி வராதே. காக்கா தாத்தா ஸ்விம் பண்ணி வர்றார்."