ஒரே ஒரு தும்மல்

"இன்று எரிமலை தும்மும், சாம்பல் கிளம்பும், யாரும் பறக்காதீர்கள்" என்று செயற்கைக்கோள் காலையிலேயே அறிவித்துவிட்டது. சாம்பல் புகுந்தால் எஞ்சின் அடைத்துக்கொள்ளுமே என்று விமானமும் பயந்து நின்றது.

மதியமாயிற்று. மலையிடமிருந்து ஓர் ஏப்பம்கூட இல்லை.

"என்ன ஜோசியரே, உம்ம கிளி செத்துப்போச்சா?" என்று கேட்டுவிட்டு விமானம் கிளம்பிவிட்டது.

செயற்கைக்கோளுக்கு மானம் போயிற்று. மலையிடம் குனிந்து கெஞ்சியது: "அண்ணே, ஒரே ஒரு தும்மல் போடுங்க. நான் நாலு பேர் முன்னால தலைகாட்ட வேண்டாமா?"

மலை இரக்கப்பட்டு, அடிவயிற்றிலிருந்து தும்மியது.

"பார்த்தியா! நான் சொல்லலை?" என்று குதித்தது செயற்கைக்கோள்.

சாம்பலுக்குள்ளிருந்து விமானம் இருமிக்கொண்டே அலறியது: "ஐயோ, எஞ்சின் நின்னுபோச்சு! இந்த நேரம் பார்த்து மலையை எந்தப் பாவி தும்மச் சொன்னான்?"

செயற்கைக்கோள் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்துக் கடலில் மழை வருமா என்று பார்க்க ஆரம்பித்தது.