மூன்று பேர் இருக்கும் வகுப்பு

மாலை வெயில் காலி பெஞ்சுகளின் மேல் சாய்ந்து கிடக்கிறது. பொருளாதார வாத்தியார் சாக்பீஸை விரல்களுக்கிடையே உருட்டியபடி நிற்கிறார். பகலில் இதே அறை பிள்ளைகளால் நிரம்பி வழியும். யாரும் காது கொடுப்பதில்லை; அவர் சுவரோடு பேசிவிட்டுப் போவார். வேலை முடிந்து இந்த மாலை வகுப்புக்கு வரும் மூன்று பேரை நினைத்துத்தான் மறுநாளும் கல்லூரிக்குக் கால் எழுகிறது. பஸ் கண்டக்டர் பெண் சீருடையைக்கூட மாற்றவில்லை. பை வார் அழுத்திய இடம் தோளில் கசங்கியிருக்கிறது. மெக்கானிக், கிரீஸ் ஒட்டாமலிருக்கப் புத்தகத்தை விரல் முட்டியால் புரட்டுகிறான். ஆஸ்பத்திரி ஆயா பேனாவைப் பிடித்தபடியே தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

“ஒரு விஷயம் சொல்லணும்,” என்கிறார். “ஆள் கம்மின்னு இந்த வகுப்பை நிறுத்திட்டாங்க. இன்னையோட கடைசி.”

மெக்கானிக்கின் கை நின்றுவிடுகிறது. “நாங்க வந்துட்டுத்தானே சார் இருக்கோம்?” என்கிறாள் கண்டக்டர். மின்விசிறி கடகடக்கிறது. அவள் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். “நேத்து பாதியில விட்டதையாவது முடிச்சுக் குடுங்க சார்.” சொல்லிவிட்டுப் பக்கத்துத் தோளைத் தட்டுகிறாள். “அக்கா, எந்திரிங்க. பாடம் நடத்தப் போறாரு.”

ஆயா திடுக்கிட்டு நிமிர்கிறாள். “தூங்கல சார், கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். நாளைக்கு டெஸ்ட்டுதானே? படிச்சிட்டு வந்துடுறேன்.”

யாரும் அவளைத் திருத்தவில்லை. வாத்தியார் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு எழுதத் தொடங்குகிறார்.