எறும்புக்கு லீவு

“இல்லப்பா, நம்பற மாதிரியே இல்ல. இன்னொரு தடவை கேளு.”

“சார், என் பொண்டாட்டிக்கு வலி எடுத்திருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். லீவு வேணும் சார்.”

எதிரே நின்ற ஓவியனைப் பார்த்து அனிமேஷன் இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். அவருடைய ஸ்டுடியோவில் எந்தப் பாத்திரத்தையும் நடித்துக் காட்டாமல் யாரும் வரையக் கூடாது. எறும்பு தன் தலைவனிடம் லீவு கேட்கும் காட்சி ஒரு வாரமாகச் சொதப்பிக்கொண்டிருந்தது. மாலையில் வரும் தயாரிப்பாளருக்கு அது பிடிக்காவிட்டால் படமே கையைவிட்டுப் போய்விடும்.

“வாய் பேசறதுக்கு முன்னாடி கண்ணு பேசணும். அவ அங்க துடிக்கிறா, நீ இங்க மாட்டிக்கிட்டே. அதை நினைச்சுக்கோ.”

“அதைத்தான் சார் நினைச்சுக்கிட்டிருக்கேன்! நான் வந்து...”

“பேசாதே, தவி. ஆறு கால் இருக்கிறவன் மாதிரித் தவி.”

அவன் தவித்தான். கையைப் பிசைந்தான், வாசலைப் பார்த்தான், கடைசியில் அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பினான். இயக்குநருக்கே கண் கலங்கிவிட்டது.

“அடேயப்பா! இதுதாண்டா எறும்பு!” என்று, அவன் நடிப்பைப் படம்பிடித்துக்கொண்டிருந்த கேமராவை நிறுத்தினார்.

அப்போது அவனுடைய போன் அலறியது. பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டான். “மாப்பிள்ளை, எங்க இருக்கீங்க? பொண்ணு பொறந்தாச்சு!” என்றது ஒரு பெண்குரல்.

“மாமியார் எறும்பா? பிரமாதம்! யாருப்பா குரல் குடுக்கறது?”

அவன் எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

“என் மாமியார் சார். எறும்பு சீன் என்னோடது இல்ல, நான் வரையறது தவளை. இப்பவாவது லீவு குடுங்க சார்.”