பத்துக்குப் பூஜ்யம்

"இந்த வாரமும் முட்டையா? எழுந்திரு!"

பொருளாதாரப் பேராசிரியர் மேஜையைத் தட்டினார். மூன்றாவது பெஞ்சில் இருந்த மாணவி மெல்ல எழுந்தாள்.

திங்கட்கிழமைதோறும் பத்து மார்க்குக்கு ஒரு டெஸ்ட். யார் கடைசியோ, அவர் எழுந்து நின்று, தான் எழுதியதை வகுப்புக்கே கேட்கும்படி வாசிக்க வேண்டும். அவர் வைத்த சட்டம். வெட்கம் வந்தால்தான் படிப்பு மண்டையில் ஏறும் என்பது அவருடைய இருபது வருட நம்பிக்கை.

"ம், வாசி."

அவள் தாளைப் பிரித்தாள். பெயரை வாசித்தாள். தேதியை வாசித்தாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"கொஞ்சமாவது சூடு சொரணை வேண்டாம்? எப்படிப் படிக்கணும்னு வாரா வாரம் தொண்டை கிழியக் கத்தறேன். தினமும் அரை மணி நேரம் போதும். படி. புத்தகத்தை மூடு. மூடிட்டு, ஞாபகத்துல இருந்து எழுதிப் பாரு. எங்க முட்டுதோ அந்த இடத்தை மட்டும் திரும்பப் படி. ரெண்டு நாள் கழிச்சு அதையே இன்னொரு தடவை எழுது. இதுகூடவா முடியாது?"

"முடியும் சார்."

"எங்க முடியுது? மரம் மாதிரி நிக்கறே!"

அவள் அழுதிருந்தால்கூட அவர் மனம் ஆறியிருக்கும். எதுவுமே நடக்காத மாதிரி தாளை நாலாக மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பருவம் முடிகிறவரை இதே கூத்து. இன்டர்னல் மார்க் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே இருபத்தைந்துக்கு இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பட்டால்தான் புத்தி வரும்.

பருவத் தேர்வு முடிவு வந்தது. விடைத்தாள் திருத்தியவர்கள் வேறு கல்லூரிக்காரர்கள்.

எழுபத்தைந்துக்கு எழுபத்து மூன்று. வகுப்பிலேயே அவள்தான் முதல்.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சந்தேகமே இல்லை, காப்பிதான். உடனே ஆள் அனுப்பி அவளைத் தன் அறைக்கு வரவழைத்தார்.

"யாரைப் பார்த்து எழுதினே?"

"யாரையும் பார்க்கலை சார்."

"அப்படியா? தேவை நெகிழ்ச்சின்னா என்ன, சொல்லு பார்ப்போம்."

"விலை ஏறினா வாங்கறது எவ்வளவு குறையுதுங்கறது சார். உப்பு விலை ஏறினாலும் யாரும் குறைச்சு வாங்க மாட்டாங்க. கைக்கடிகாரம் விலை ஏறினா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு விட்டுடுவாங்க."

இன்னொன்று கேட்டார். சொன்னாள். புத்தகத்தின் கடைசிப் பாடத்திலிருந்து ஒன்று கேட்டார். அதையும் சொன்னாள்.

"எப்படிப் படிச்சே?"

"நீங்க சொன்ன மாதிரிதான் சார். மூடி வெச்சு எழுதிப் பார்த்தேன். அப்புறம் இன்னொருத்திக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். அதுலதான் எனக்கே நல்லாப் படிஞ்சுது."

அவர் மார்க் பதிவேட்டைத் திறந்தார். முதல் திங்கட்கிழமை ஒன்பது. அதற்குப் பிறகு கீழே வரை வெறும் பூஜ்யங்கள்.

"தெரிஞ்சுக்கிட்டே வெத்துத்தாள் கொடுத்திருக்கே. என்னைக் கேலி பண்றியா?"

"ஐயோ, இல்ல சார்."

"இன்டர்னல்ல பாதி மார்க்காவது இல்லாம இங்க எம்.ஏ. சீட்டு கிடையாது. தெரியுமா?"

"தெரியும் சார்."

"பட்டியல் போயாச்சு. இனிமே நானே நினைச்சாலும் மாத்த முடியாது."

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன்?"

அவள் பதிவேட்டில் இருந்த அந்த ஒன்பதைப் பார்த்தாள்.

"கடைசி மார்க் வாங்கறவங்கதானே சார் எழுந்து வாசிக்கணும்? நான் இல்லைன்னா, கடைசி என் பக்கத்துல உட்கார்றவதான். அவளுக்குப் பேச்சு திக்கும் சார். முதல் வாரம் அவளைத்தான் நிக்க வெச்சீங்க."

பேராசிரியர் யோசித்துப் பார்த்தார். முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

"ஒரு வரியைத் தாண்ட முடியல அவளால. மொத்த கிளாஸும் சிரிச்சுது. அன்னிக்குச் சாயங்காலமே ஹாஸ்டல்ல பெட்டியைக் கட்டிட்டா. அதுவரைக்கும் நான் அவகூடப் பேசினதுகூட இல்ல சார். இனிமே உன்னை எழுப்ப மாட்டாங்க, நான் பார்த்துக்கறேன்னு சொல்லி நிறுத்தி வெச்சேன்."

"அவளுக்குத்தான் சொல்லிக் கொடுத்தியா?"

"ஆமா சார். பாஸ் பண்ணிட்டா. ஆனா வாயைத் திறக்கறதையே விட்டுட்டா. சந்தேகம் இருந்தா என்கிட்டகூட எழுதித்தான் காட்டறா."

மின்விசிறி பதிவேட்டின் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை மூடினார்.

"அசடா நீ? நேரா என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் என்ன ராட்சசனா? சிரிச்சவங்க அத்தனை பேரையும் வெளியில நிறுத்தியிருப்பேனே!"

"சொல்லலாம்னுதான் சார் அன்னிக்கே இந்த அறை வாசல் வரைக்கும் வந்தேன்."

"வந்து?"

"அப்புறம்தான் ஞாபகம் வந்தது, முதல்ல சிரிச்சதே நீங்கதான் சார்."