பித்தளைக் காம்பு

கத்தி முனையைக் குழாயின் மூடிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் நுழைத்து நெம்பினாள்.

சிவப்புப் புள்ளி வைத்த பிளாஸ்டிக் மூடி எகிறி விழுந்து, குளியலறைத் தரையில் உருண்டது. உள்ளே ஒரே ஒரு திருகு.

இவ்வளவுதானா?

இவ்வளவுதான்.

மொட்டைமாடியில் அவன் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை. உச்சந்தலையில் ஆரம்பித்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். அப்புறம் வெயிலில் ஊற வேண்டும். ஊறி முடிக்காமல் இறங்கி வர மாட்டான். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாள்.

ஸ்க்ரூடிரைவரை இடக்கையில் பிடித்தாள். வலக்கைக்கு மாவுக்கட்டு பிரித்த பிறகும் பிடி திரும்பவில்லை. கரண்டி பிடிக்கலாம். ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியாது.

அது அவனுக்கும் தெரியும்.

தினமும் குளித்து முடித்ததும், பல்லைக் கடித்துக்கொண்டு இந்தக் குழாயை இறுக்கி மூடுவான். ஷவருக்கும் வாளிக்கும் இந்த ஒரு குழாய்தான். ஏன் இப்படி என்றால், சொட்டக் கூடாது என்பான். துணி சுற்றித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். இரண்டு கையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். கடைசியில் அவனைத்தான் கூப்பிட வேண்டும். அவன் வந்து, ஒரு திருப்பில் திறந்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவான்.

மறதியாக இருக்கலாம். அவளே தவறாக நினைக்கிறாளோ என்னவோ.

பொங்கலுக்கு அவன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவன் குளித்துவிட்டு வந்ததும் இவள் உள்ளே போனாள். குழாய் இரண்டு விரலுக்கே திறந்துகொண்டது. இங்கே மட்டும் ஏன் இறுக்கவில்லை என்று திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்.

"அம்மாவுக்குக் கை வலிக்கும்ல?" என்றான் அவன்.



நேற்று வெள்ளிக்கிழமை. அவளுடைய எண்ணெய்க் குளியல். கூடத்தில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அவனும், அவன் சிநேகிதர்கள் கோதண்டமும் பாபுவும். குளியலறைக் கதவை ஒரு விரற்கடை திறந்து, கொஞ்சம் வந்து திறந்துவிடுங்க என்றாள்.

"இரு, இந்த ஓவர் முடியட்டும்."

அந்த ஓவர் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. பாவாடையை மார்போடு கட்டிக்கொண்டு காய்ந்த தரையில் நின்றாள். நெற்றியிலிருந்து எண்ணெய் இறங்கிக் கண்ணுக்குள் போனது. மறுபடி கூப்பிட்டாள்.

"பாருங்கடா. குழாயத் திறக்க ஆள் வேணுமாம் மகாராணிக்கு."

சிரித்தார்கள். அவன் சிரிப்பு தனியாகக் கேட்டது.

இப்போது திருகு கையோடு வந்துவிட்டது.

கைப்பிடி வரவில்லை. உப்புப் படிந்து கெட்டித்திருந்தது.

தப்பாகச் செய்கிறோமோ? உடைந்துவிடுமோ? எழுந்து போய் எலுமிச்சம்பழத்தை நறுக்கி வந்து, இடுக்கில் பிழிந்தாள். காத்திருந்தாள். சப்பாத்திக் கட்டையால் சுற்றிலும் தட்டினாள். நிறுத்தி, மாடிப்படியில் காலடி கேட்கிறதா என்று பார்த்தாள். இல்லை. மறுபடி தட்டினாள்.

இடக்கையால் பிடித்து நேராக இழுத்தாள்.

வந்துவிட்டது.

அவன் எவ்வளவு இறுக்கியிருந்தால் என்ன. திறப்பதற்குத்தான் பலம் வேண்டும். கழற்றுவதற்கு வேண்டாம்.

சுவரில் பித்தளைக் காம்பு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. கட்டைவிரல் நுனி அளவு.

கைப்பிடியை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். காம்பைப் பிடித்துத் திருப்ப உதவும் கட்டிங் பிளேயரையும். பிறகு எல்லாவற்றையும் வழக்கம்போல வைத்தாள். சீயக்காய்க் கிண்ணம். துண்டு. காலி வாளி. ஹீட்டர் சுவிட்சையும் மறக்காமல் போட்டாள்.

காலிங் பெல் அடித்தது. கோதண்டமும் பாபுவும். நேற்றைய ஆட்டத்தின் மிச்சத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். வாங்க என்று சொல்லி டிவியைப் போட்டுவிட்டாள்.

அவன் படியிறங்கி வந்தான். உடம்பெல்லாம் பளபளத்தது.

"உக்காருங்கடா, இதோ வந்துர்றேன்."

தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் சமையலறையில் நின்றாள். எண்ணெய் விரல் பித்தளையில் வழுக்குவதற்குச் சத்தம் கிடையாது. அவளுக்குக் கேட்டது.

"ஏய்."

பால் பாக்கெட்டை வெட்டினாள்.

"ஏய், இங்க வா."

பாலைப் பாத்திரத்தில் ஊற்றினாள். கத்துவான். வெளியே வருவான். எங்கேடி என்பான். அதற்குச் சொல்ல வேண்டிய பதிலை இரவெல்லாம் திருத்தித் திருத்தி வைத்திருந்தாள்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு விரற்கடை திறந்தது. குரல் இறங்கியிருந்தது.

"கோதை… கொஞ்சம் வாயேன்."

கூடத்திலிருந்து கோதண்டம் குரல் கொடுத்தான். "என்னடா, தண்ணி வரலையா?"



"வருது, வருது."

கதவு மூடிக்கொண்டது.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பால் பொங்கி வந்தபோதுதான் அடுப்பை அணைத்தாள். திருத்தி வைத்திருந்த பதில் வாயிலேயே இருந்தது.

டீ போட்டுக் கூடத்துக்கு எடுத்துப் போனாள்.

"எங்க தங்கச்சி, உள்ள போனவன ஆளையே காணோம்?"

"குளிக்கிறாரு அண்ணே."

தனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்திருந்தாள். மின்விசிறிக்கு நேர்கீழே அவன் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தாள். பாபு காலை மடக்கி வழிவிட்டான்.

குளியலறையில் சத்தமே இல்லை. எண்ணெய் இந்நேரம் புருவத்தைத் தாண்டியிருக்கும்.

டீயை ஒரு வாய் உறிஞ்சினாள்.

"யாருண்ணே பேட்டிங்?" என்று கேட்டாள்.