சத்தமே இல்லாத வண்டி

விடிந்ததிலிருந்து கொக்கி சாமி படத்துக்கு மூன்று முறை கற்பூரம் காட்டிவிட்டான். கம்பத்தில் தொங்கித் தொங்கி வேலை பார்த்ததால் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர்.

கடலோரச் சுற்றுலா ஊர்களை இணைக்கும் அதிவேக டிராலிபஸ் தடத்தில் அவன் வயர்மேன். சாலைக்கு மேலே செப்புக் கம்பி ஓடும். பஸ்ஸின் கூரையில் உள்ள இரண்டு கம்புகள் அதைத் தொட்டு மின்சாரம் எடுக்கும். கம்பு நழுவினால் வண்டி நின்றுவிடும். கயிற்றை இழுத்து மறுபடி மாட்டுவது கொக்கியின் பொறுப்பு. மாட்டுவதற்குக் கம்பி இருந்தால்தானே?

திறப்பு விழா அடுத்த மாதம் என்ற தைரியத்தில், கலங்கரை விளக்க வளைவில் இருந்த கம்பியை அவனும் மச்சினனும் போன வாரம் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"காண்ட்ராக்டர் வேற கம்பி மாட்டிக்குவாரு, நீ பயப்படாத மாமா" என்றிருந்தான் மச்சினன்.

அதற்குள் தேர்தல் தேதி வரப்போகிறது என்று காற்றுவாக்கில் ஒரு சேதி வந்தது. உடனே மந்திரிக்கு மக்கள் மேல் அக்கறை பொங்கி, இன்றைக்கே திறப்பேன் என்று வந்து நின்றுவிட்டார்.

"டிவியில காட்டுவாங்க, கூன் போடாம நில்லு" என்று மனைவி சீருடையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். விலங்கோடு காட்டினாலும் டிவிதானே என்று எண்ணிக்கொண்டான் கொக்கி.

தடம் போட்ட காண்ட்ராக்டர் ஏற்பாட்டில் குறையே வைக்கவில்லை. பஸ்ஸில் கடைசி வரிசை முழுக்க பேண்டு வாத்தியக்காரர்கள். சீட்டுக்குச் சீட்டு சென்ட்.

"காது கிழியுதேய்யா" என்றார் வண்டி கிளம்பியதும் மந்திரி.

"வண்டிக்குச் சத்தமே கிடையாதுங்கய்யா. உங்களுக்குச் சலிச்சுடக் கூடாதேன்னுதான்."

மந்திரி மூக்கைச் சுருக்கினார். "ஏதோ வாடை வேற அடிக்குது."

"கடல் காத்துங்கய்யா."

ஓட்டல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. படகுத்துறை போயிற்று. கொக்கிக்குத் திருடனைத் தேள் கொட்டிய கதைதான். கத்தவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. தூரத்தில் கலங்கரை விளக்கம் தெரிந்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை. காண்ட்ராக்டரின் காதருகே குனிந்தான்.

"சார், வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. வளைவுல கம்பி இல்ல."

"எவன்டா எடுத்தான்?"

"நான்தான் சார்." கொக்கி கையைக் கூப்பினான். "புள்ளகுட்டிக்காரன் சார். போலீசுக்கு மட்டும் சொல்லிடாதீங்க."

காண்ட்ராக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பதில் சொல்வதற்குள் வளைவு வந்துவிட்டது. மந்திரி ஜன்னல் வழியே, ஆளில்லாத கடற்கரைக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். கொக்கி கைப்பிடியை இறுகப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டான். இப்போது நிற்கும், இதோ நிற்கும் என்று காத்திருந்தான்.

குலுக்கல் ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தபோது கலங்கரை விளக்கம் பின்னால் போய்விட்டிருந்தது. கம்பியே இல்லாத சாலையில் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

காண்ட்ராக்டர் அவன் தோளில் கை போட்டார். "கம்பிக் கதைய அப்புறம் பேசிக்கலாம். இப்ப நீ டிரைவர்கிட்டப் போய், கடைசி ஊர் வரைக்கும் டீசல் வருமான்னு கேட்டுட்டு வா."