மாதிரியும் சரக்கும்

“என்னக் கள்ளனெண்டு எழுதுங்க, பரவாயில்ல. மாதிரியப் பத்தி மட்டும் எழுத வாணாம்” என்றார் ஸெய்னுலாப்தீன் முதலாளி.

கண்டிக்குப் பக்கத்து மடவளையில், அவருடைய கடை வாசலில் நின்றிருந்த செல்லச்சாமிக்கு அது போதுமாக இருந்தது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் ஏன் பயம்?

கண்டியில் தெருக் கூட்டும் தொழிலாளருக்குச் செல்லச்சாமிதான் தலைவர். பதினெட்டு வருடப் போராட்டத்தில் இரண்டு முறை சிறைக்குப் போய் வந்தவர். படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரங்களில். எழுதுவதும் அவைதான்.

விஷயம் இதுதான். தெருக் கூட்டுகிற விளக்குமாறுகளுக்கு நகரசபை வருடா வருடம் டெண்டர் கேட்கும். கொடுக்க விரும்புகிறவர்கள் விலையை எழுதி உறையில் மூடிப் போட வேண்டும். கூடவே ஒரு விளக்குமாற்றை மாதிரிக்குக் கொடுக்க வேண்டும். டெண்டர் யாருக்குக் கிடைக்கிறதோ, அவருடைய மாதிரிக்கு அரக்கு முத்திரை வைத்து ஸ்டோரில் தொங்கவிடுவார்கள். பிறகு வருகிற சரக்கெல்லாம் அதைப் போலவே இருக்க வேண்டும்.

மூன்று வருடமாக டெண்டர் ஸெய்னுலாப்தீன் முதலாளிக்குத்தான்.

தோற்றுப்போன கடைக்காரர் ஒருவர் போன வாரம் செல்லச்சாமியைத் தேடி வந்தார். முதலாளி கொடுத்த மாதிரி ஒன்று, அனுப்புகிற சரக்கு வேறொன்று என்று காதில் போட்டார். நோட்டீஸ் அடிக்கிற செலவைத் தானே ஏற்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். நியாயத்துக்கு எங்கிருந்தெல்லாம் ஆதரவு வருகிறது என்று செல்லச்சாமிக்கு நெஞ்சு நிறைந்தது.

மடவளையிலிருந்து திரும்பியவர், நேரே வார்ட் வீதிக்குப் போனார். அங்கம்மா கூட்டிக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக அந்த வீதி அவளுடையது. தலைவரைக் கண்டதும் நின்று, விளக்குமாற்றுப் பிடியின் நுனியில் நாடியை ஊன்றிக்கொண்டு அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

“அதெல்லாம் வேணாங்க தலைவரே. வெளக்கமாறு நல்லாத்தான் இருக்கு.”

“மாதிரி மாதிரியே இருக்கா? அதைச் சொல்லு.”

அங்கம்மா பிடியிலிருந்து நாடியை எடுத்து மறுபடி கூட்டத் தொடங்கினாள்.

“உனக்கு எவ்வளவு குடுத்தான்?” என்றார் செல்லச்சாமி.

அவள் முகம் சுண்டிப்போனது. பக்கத்தில் குப்பைக் கூடை சுமந்து நின்ற இராமையா வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நீங்க ஒரு நாளாச்சும் இதக் கையில புடிச்சுப் பாத்திருக்கீங்களா தலைவரே?” என்று கேட்டாள் அங்கம்மா.

“நான் பேனா பிடிக்கிறவன்” என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். பயந்த சனங்களுக்காகப் பாடுபடுவதுதான் எவ்வளவு கஷ்டம் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டார்.

நோட்டீஸ் வந்தது. ‘ஏழையின் முதுகில் ஏறிய மோசடி’ என்று தலைப்பு. மார்க்கெட்டிலும் ரயில் ஸ்டேஷனிலும் முந்நூறு பிரதிகள் கைமாறின. முதலாளிமார் குறைத்துக் கொடுத்தே கொழுக்கிறவர்கள் என்றும், மாதிரியையும் சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கத் துணிவுண்டா என்றும் அதில் கேட்டிருந்தார். ஒரு பிரதி மனுவோடு நகரசபைக்கும் போனது.

பத்தாம் நாள் ஸ்டோர் கிளாக்கர் பரமநாதன் ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

“ஓம், உங்கட முறைப்பாடு சரிதான்” என்றார், எழுதிக்கொண்டே. “மாதிரியும் சாமானும் ஒண்டில்லை. இனி வாறதெல்லாம் மாதிரிப்படிதான் வர வேணும். ஸ்டோரில கிடக்கிறதையும் மாதிரிக்குச் சரியாக்கச் சொல்லி ஓடர் வந்திருக்கு.”

“முதலாளிக்கு?”

“எச்சரிக்கைக் கடிதம் போட்டிருக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “என்ன வித்தியாசம் எண்டு நீங்கள் பாத்தனீங்களோ?” என்று கேட்டார்.

“பார்க்கத் தேவையில்லை. எனக்கு முதலாளிமாரைத் தெரியும்.”

பரமநாதன் மறுபடி எழுதத் தொடங்கினார். கடைசி வரை முகத்தைப் பார்க்கவே இல்லை. உத்தியோகத் திமிர் என்று செல்லச்சாமி எண்ணிக்கொண்டார்.

மறுநாள் காலை, வெற்றியைக் கண்ணால் பார்க்க அவர் வார்ட் வீதிக்கு வந்தார். அங்கம்மா இரண்டாக மடிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பைப் பிடித்திருந்தது.

“என்ன அங்கம்மா, இப்ப சரக்கு மாதிரிக்குச் சரியா இருக்கா?”

“இருக்குதுங்க. நேத்து ஆசாரி வந்து ஸ்டோர்ல ஒக்காந்து, எல்லாப் பிடியையும் ஒன்றரை அடி அறுத்துத் தள்ளிட்டாரு.”

“அறுத்தாரா?”

“டெண்டர் காயிதத்துல பிடி ரெண்டரை அடிதானாம். அந்த அளவுக்குத்தான் மாதிரியை முதலாளி குடுத்திருக்காரு. நாங்க குனியக் கூடாதுன்னு, மூணு வருசமா அவருதான் நாலடியில போட்டு அனுப்பிக்கிட்டிருந்தாரு. வெளிய தெரிஞ்சா வெட்டச் சொல்லிருவாங்க, ஒருத்தருக்கும் மூச்சு விடாதீங்கன்னு சொல்லியிருந்தாரு.”

செல்லச்சாமி அந்தக் கட்டைப் பிடியைப் பார்த்தார்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, அங்கம்மா?”

“உங்ககிட்ட சொன்னா நோட்டீஸ்ல வந்துருமேங்க” என்றாள் அங்கம்மா, நிமிராமலே.